வரைபடம் இல்லாத ஹாஃப் டிராக்கை மறுபடி ஓடவைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "முன்பாதி லேண்ட் ரோவர், பின்பாதி டாங்கிச் சங்கிலி என்று சென்டார் என்ற பெயரில் ஒரு பிரிட்டிஷ் சோதனை வண்டி இருந்ததாமே? அந்த மாதிரி ஓரிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கிற வண்டி துருப்பிடித்துக் கிடந்தால், கையேடும் வரைபடமும் இல்லாமல் அதை மறுபடி கட்ட முடியுமா? கட்டினால் அது அசல் வண்டிதானா?"

முடியும். சென்டார் விஷயத்தில் நிச்சயமாக முடியும். ஆனால் இந்த மாதிரி வண்டி கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் என்ன செய்கிறார்களோ, அதுதான் அதற்கு மிகப் பெரிய கேடு. எல்லாவற்றையும் கழற்றி, மணல் பீய்ச்சி, வெள்ளி மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டு, "இனி வேலையைத் தொடங்கலாம்" என்பார்கள். வரைபடம் இல்லாத வண்டிக்கு அதன் இரும்புதான் வரைபடம். அதன் மேலிருக்கும் பெயிண்ட், வெல்டிங் தழும்பு, அடைத்துவிட்ட போல்ட் துளை, சாக்பீஸில் எழுதிய எண் எல்லாம் அந்த வரைபடத்தின் கோடுகள். அவற்றை அழித்த பிறகு யாரைக் கேட்டும் பயனில்லை.

சென்டார் என்ன வண்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்திருக்காது. 1970களின் பிற்பாதியில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பியூமாரிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த லேர்ட் என்ற நிறுவனம் செய்தது. அந்தத் தொழிற்சாலைக்கே ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் சாண்டர்ஸ்-ரோ நிறுவனம் கேட்டலினா கடல் விமானங்களை அங்கேதான் பிரித்து மாற்றியமைத்தது. அலுமினியத்திலும் உலோகத் தகட்டிலும் கைதேர்ந்த ஊர் அது. லேண்ட் ரோவரின் முன்பகுதி, ரோவர் வி8 எஞ்சின், பின்னால் ஆல்விஸ் ஸ்கார்ப்பியன் இலகு டாங்கியின் சங்கிலியைக் குட்டையாக்கிப் பூட்டிய அமைப்பு என்று மூன்றையும் சேர்த்து இந்த வண்டியை உருவாக்கினார்கள். லேண்ட் ரோவர் ஓட்டத் தெரிந்த எந்தச் சிப்பாயும் இதை ஓட்டலாம், உதிரி பாகம் ஏற்கெனவே ராணுவக் கிடங்கில் இருக்கிறது, முழு டாங்கியின் விலை இல்லை. கேட்க நல்ல யோசனைதான். பெரிய ஆர்டர் எதுவும் வரவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் செய்ததோடு நின்றுபோனது.

முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலியும் கொண்ட ஹாஃப் டிராக் என்ற வண்டி வகையின் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது. ரஷ்ய ஜார் மன்னரின் கார் கொட்டகையில் வேலை பார்த்த அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், பனியில் கார் ஓடுவதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர்ப் பட்டையைப் பூட்டினார். புரட்சிக்குப் பிறகு அவர் பிரான்ஸ் திரும்பியதும் சிட்ரோயென் அந்த உத்தியை எடுத்துக்கொண்டது. 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் டுகுர்ட்டில் கிளம்பிய ஐந்து சிட்ரோயென் வண்டிகள் 1923 ஜனவரியில் திம்புக்டுவை அடைந்தன; சகாராவை மோட்டார் வண்டியில் கடந்த முதல் பயணம் அது. அமெரிக்க ராணுவம் சிட்ரோயென்-கெக்ரெஸ் வண்டியை வாங்கிப் பார்த்து, அந்த வழியில்தான் பிறகு எம்2, எம்3 ஹாஃப் டிராக்குகளை ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்து குவித்தது. ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள்: ரப்பர்ப் பட்டை இல்லை, எஃகுக் கண்ணிகள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும் சக்கர வரிசை. போர் முடிவதற்குள் முழுச் சங்கிலி வண்டிகள் மலிவாகவும் உறுதியாகவும் வந்துவிட்டன. சேற்றில் முன்சக்கரம் திசை திருப்பாமல் வழுக்கும் ஹாஃப் டிராக்கை அதன் பிறகு பெரும்பாலான ராணுவங்கள் சீந்தவில்லை.

பெட்ஃபோர்ட் லாரிகளைச் செய்த வாக்ஸால் நிறுவனம், பிடிபட்ட ஜெர்மன் பீரங்கி இழுவை வண்டியைப் பார்த்து டிராக்லாட் என்ற சோதனை வண்டிகளைச் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு பெட்ஃபோர்ட் எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூட்டிய வண்டி. போர் முடிந்ததும் திட்டமும் முடிந்தது. அதை மறுபடி கட்டுவது சென்டாரைவிடப் பல மடங்கு கடினம். சென்டாருக்கு லேண்ட் ரோவர் பாகமும் ஸ்கார்ப்பியன் பாகமும் சந்தையில் கிடைக்கின்றன. டிராக்லாட்டின் சங்கிலிக் கண்ணியோ அப்படிச் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே ஒரு சோதனை வண்டியை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு துரு என்பதல்ல. இதன் தாய் வண்டிகள் எவை, அவை இன்னும் கிடைக்கின்றனவா என்பதுதான். தாய் வண்டி கிடைத்தால் பாதி துருவாகப் போனதைக்கூட எடுக்கலாம்.

சரி, வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. எதையும் கழற்றாமல் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்தால் பயனில்லை. பட்டறையை இருட்டாக்கி, ஒரு விளக்கைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். பெயிண்டுக்கு அடியில் மெழுகிவிட்ட வெல்டிங், பட்டி போட்டு மறைத்த துளை, எடுத்துவிட்ட பிராக்கெட்டின் நிழல் எல்லாம் மேடுபள்ளமாகத் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள்.

அடுத்தது பெயிண்ட். கதவின் உட்பக்கம், இருக்கைக்கு அடி, டாஷ்போர்டுக்குப் பின்னால் என்று வெயில் படாத இடமாகப் பார்த்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் அழுத்தி, ஓரத்தில் மெதுவாக. அலுமினியம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்திவிட்டால், நடுவிலிருந்து வெளியே ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக நிற்கும். ப்ரைமர், அதற்கு மேல் முதல் நிறம், அதற்கு மேல் ராணுவப் பச்சை, கண்காட்சிக்கு அடித்த இன்னொரு நிறம், கடைசியாக யாரோ தோட்டத்தில் வைத்து பிரஷ்ஷால் பூசியது. இரண்டு வளையங்களுக்கு நடுவே மெல்லிய அழுக்குக் கோடு இருந்தால், அந்த இரண்டு பூச்சுக்கும் இடையில் வண்டி ஓடியிருக்கிறது என்று பொருள். அழுக்கே இல்லாமல் அடுத்தடுத்து இருந்தால் ஒரே சமயத்தில் அடித்தது. பத்து இடத்தில் இப்படிச் செய்தால், எந்தக் கதவு வேறு வண்டியிலிருந்து வந்தது, எந்தத் தகடு பிறகு சேர்த்தது என்று வரிசையே பிடிபட்டுவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால்தான் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்கிறேன். முகமூடியும் போடுங்கள்.

வெளியிலும் தேட வேண்டியது நிறைய. டோர்செட்டில் இருக்கும் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் ஆவணக் கூடம், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ரோவர் தயாரிப்புப் பதிவுகள் ஆகிய மூன்றும் முதல் கதவுகள். லேண்ட் ரோவர் சோதனை வண்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்துவைத்திருக்கும் டன்ஸ்ஃபோல்ட் சேகரிப்பும் உண்டு. அங்கெல்லாம் அழகான படத்தைத் தேடாதீர்கள். வண்டியின் அடிப்பகுதி, பின்பக்கம், கதவு திறந்திருக்கும்போது உள்ளே தெரியும் மூலை, இவைதான் தேவை. ஒரு படத்தில் லேண்ட் ரோவர் கதவு முழுதாகத் தெரிந்தால் போதும். அந்தக் கதவின் அளவு உலகுக்கே தெரியும், அதே தளத்தில் இருக்கும் மற்றவற்றின் அளவை அதிலிருந்து கணக்கிடலாம். கேமராவிலிருந்து தள்ளி நிற்கும் பொருளுக்கு மட்டும் கோணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சோதனை வண்டிக்கு "அசல் நிலை" என்று ஒன்று கிடையாது. திங்கட்கிழமை ஒரு பிராக்கெட் உடையும், செவ்வாய் அதைத் தடிமனாகச் செய்து வெல்டு அடிப்பார்கள், அடுத்த மாதம் கண்காட்சிக்காக வேறு கூரை போடுவார்கள். இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இருக்காது. எனவே அதன் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட காலத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். என்னைக் கேட்டால் கண்காட்சி நிலையைவிடச் சோதனையோட்ட நிலைதான் மேல். வண்டி எங்கே தோற்றது, அதற்கு என்ன மருந்து போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. கோணல்மாணலாக அடித்த அந்தக் கூடுதல் தகட்டை அசிங்கம் என்று வெட்டி எறிபவர், வண்டியின் முக்கியமான பக்கத்தைக் கிழிக்கிறார்.

அசலா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வண்டியின் அடிச்சட்டமான பழைய சேஸிஸும் அதன் அடையாள எண்ணும் பெரும்பகுதி உலோகமும் இருந்து, சிதைந்ததை மட்டும் மாற்றினால் அது புதுப்பித்த அசல் வண்டி. மிஞ்சியது கொஞ்சமாக இருந்து, மீதியை ஆதாரத்தை வைத்துச் செய்தால் அது மறு உருவாக்கம். ஒன்றுமே இல்லாமல் தொடங்கினால் நகல். மூன்றுமே மதிக்கத்தக்க வேலை. மூன்றில் எது என்பதை மறைப்பதுதான் தவறு. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பாகத்திலும், மாட்டிய பிறகு தெரியாத பக்கத்தில், செய்த ஆண்டைக் குத்திவையுங்கள். ஐம்பது வருடம் கழித்து வருபவருக்கு அது போதும். கழற்றிய பழைய துண்டை, எவ்வளவு துருவாக இருந்தாலும், பெயர்ச்சீட்டு கட்டிப் பெட்டியில் போடுங்கள்.

இனி இரும்பு. லேண்ட் ரோவர் சேஸிஸ் என்பது எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் வெல்டு அடித்தது. துரு வெளியே தெரிவதற்கு முன் உள்ளே தின்றுவிடும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற சத்தம் மங்கும் இடம் தெரியும். பின் குறுக்குச் சட்டமும் பக்கவாட்டுக் கைகளும்தான் முதலில் போகும். பாடி அலுமினியக் கலவை. அது எஃகைத் தொடும் இடமெல்லாம் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆனால் ஹாஃப் டிராக்குக்கென்றே ஒரு நோய் உண்டு. லேண்ட் ரோவர் சேஸிஸும் பின்னாலிருக்கும் டிராக் சட்டமும் சேரும் இடத்தில்தான் அந்த வண்டியின் சுமை எல்லாம் முறுக்கும். முன்பாதி ஸ்பிரிங்கில் ஆடுகிறது, பின்பாதி அதைவிட விறைப்பாக நிற்கிறது. மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். சாயம் ஊற்றிப் பார்க்கும் விரிசல் சோதனையை அந்த இணைப்பு முழுக்கச் செய்யாமல் எதையும் வெல்டு அடிக்காதீர்கள். அடிக்கும்போது சேஸிஸைத் தரையில் வைத்து அடித்தால் சூட்டில் வளைந்துவிடும். கனமான சட்டத்தில் இறுக்கிப் பூட்டி, மூலைவிட்ட அளவு இரண்டும் சமமா என்று ஒவ்வொரு வெல்டிங் தையலுக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

எஞ்சின்தான் இருப்பதிலேயே சுலபம். ரோவர் 1965ல் அமெரிக்க ப்யூயிக்கிடமிருந்து உரிமை வாங்கிய அலுமினிய வி8 அது, பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தார்கள், பாகம் எல்லாம் கிடைக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் தேய்மானம், எண்ணெய்க் கசடு, அலுமினியத்தில் போல்ட் மரை அறுந்துபோவது, இந்த மூன்றையும் பாருங்கள். மரை அறுந்த இடத்தில் எஃகுச் சுருள் மரை போட்டால் பழையதைவிட உறுதி.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும்போதுதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. முன்னால் டயர், பின்னால் சங்கிலி, இரண்டுக்கும் ஒரே எஞ்சினின் இழுவை போகிறது என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் தரையைக் கடக்க வேண்டும். லேண்ட் ரோவரின் வழக்கமான 7.50-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும். சங்கிலி ஒரு சுற்றுக்கு எவ்வளவு போகும் என்பது அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையையும் ஒரு கண்ணியின் நீளத்தையும் பெருக்கினால் வரும். அது 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு அச்சுக்கும் கியர் விகிதமும் ஒன்றுதான் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கிட்டத்தட்ட 40 மீட்டர் வித்தியாசம். முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் திறந்திருக்கும்வரை அது இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதைப் பூட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டினால் அச்சுகள் முறுக்கேறி, எது பலவீனமோ அது உடையும். எனவே கையில் கிடைத்த அச்சையும் கையில் கிடைத்த ஸ்பிராக்கெட்டையும் மாட்டிவிடக் கூடாது. வண்டியின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களை எண்ணுங்கள், ஸ்பிராக்கெட்டை எண்ணுங்கள், பெருக்கிப் பாருங்கள். கணக்கு பொருந்தினால் அது லேர்ட் மாட்டிய பாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பொருந்தவில்லை என்றால் பிறகு யாரோ மாற்றியிருக்கலாம்.

டிராக்குக்கு, அதாவது சங்கிலிக்கு வருவோம். ஸ்கார்ப்பியன் குடும்ப வண்டிகளைப் பிரிட்டிஷ் ராணுவம் ஏராளமாகக் கழித்துக்கட்டியதால் கண்ணிகளும், சங்கிலியின் மேல் உருளும் தரைச் சக்கரங்களும் பழைய ராணுவப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. கண்ணியை ஒன்றோடொன்று கோக்கும் பின், ரப்பர் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் வெளியே கிடந்தால் ரப்பர் கெட்டியாகி வெடிக்கும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். பத்துக் கண்ணிகளைத் தரையில் நீட்டி, இழுத்துப் பிடித்து, முதல் பின்னின் நடுவிலிருந்து பதினோராவது பின்னின் நடுவரை அளந்து, புதுக் கண்ணியின் அளவோடு ஒப்பிடுங்கள். கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் பத்துக் கண்ணிகளுக்குச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்படி நீண்ட சங்கிலி ஸ்பிராக்கெட் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறும், பல் கொக்கிபோல் தேயும், ஒரு திருப்பத்தில் சங்கிலி கழன்று விழும். புதுக் கண்ணியையும் பழைய கண்ணியையும் கலந்து போடவும் கூடாது. நீளம் மாறி மாறி வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும். ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருந்தால் சங்கிலியோடு சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

தரைச் சக்கரங்களின் ரப்பர், உலோகத்தைவிட்டு உரிந்திருக்கிறதா என்று ஓரத்தில் மெல்லிய தகட்டைச் செருகிப் பாருங்கள். புகுந்தால் புது ரப்பர் போட வேண்டியதுதான்.

டார்ஷன் பார் விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தரைச் சக்கரங்களுக்கு ஸ்பிரிங் போல முறுக்கில் வேலை செய்யும் அந்த எஃகுக் கம்பிகளைத் தயாரிக்கும்போதே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கியிருப்பார்கள். இடதுபக்கக் கம்பியை வலதுபக்கம் மாட்டினால் சில காலத்தில் உடையும். கழற்றும்போதே எந்தப் பக்கம், எந்தச் சக்கரம், எந்த முனை வெளியே என்று பெயிண்ட் பேனாவால் குறித்துவிடுங்கள். உளியால் குறி வெட்டவே கூடாது, அந்தக் கீறலில்தான் விரிசல் பிறக்கும். அதே காரணத்துக்காகத் தரையில் உருட்டக் கூடாது, பக்கத்தில் வெல்டிங் பொறி தெறிக்கக் கூடாது. குழி விழுந்த கம்பியை மெருகேற்றிப் பிழைக்கவைக்க முயல வேண்டாம்.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, சைலன்ஸர் கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல், நனைத்துத் துடைத்து, பையில் கட்டி முறைப்படி அகற்ற வேண்டும். ஒயரிங்கில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று உறுதிசெய்த பிறகே பேட்டரி இணையுங்கள். ரேடியோவுக்காக அமைத்த ராணுவ லேண்ட் ரோவர்களில் 24 வோல்ட் வழக்கம்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். வேலை முடிந்த பிறகு வண்டி விற்கும் விலையைவிட நிச்சயம் அதிகம் ஆகும். லாபத்துக்காகச் செய்வதாக இருந்தால் எம்3 வாங்குங்கள், பாகமும் கிடைக்கும், வாங்க ஆளும் கிடைப்பார்கள். சோதனை வண்டியை எடுப்பவர், அது இல்லாமல் போனால் ஒரு முழு முயற்சியே மறைந்துவிடும் என்பதற்காக எடுக்க வேண்டும். பியூமாரிஸில் அதை வரைந்தவர்களும் வெல்டு அடித்தவர்களும் ஓட்டியவர்களும் செய்த வேலைக்கு அந்த வண்டியைத் தவிர வேறு சாட்சி அதிகம் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். பாகம் இன்னும் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும். அவர்கள் சொல்வதை உடனே பதிவு செய்துவிடுங்கள். படத்தைக் காட்டி, "இந்தப் பிராக்கெட் எதற்கு?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

ஓட்டத் தொடங்கும்போது சங்கிலி இல்லாமல் தொடங்குங்கள். வண்டியை நான்கு பக்கமும் உறுதியான தாங்கிகளில் ஏற்றி, முதல் கியரில் ஸ்பிராக்கெட்டையும் முன்சக்கரத்தையும் வெறுமனே சுழலவிட்டு, சத்தமும் எண்ணெய்க் கசிவும் பாருங்கள். பிறகு சங்கிலியைப் பூட்டலாம். பூட்டும்போது இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடிக்கத் திருகுக் கொக்கி போட வேண்டும், கையை எந்தக் கண்ணிக்கு நடுவிலும் வைக்கக் கூடாது. மெதுவாக ஒரு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு தரைச் சக்கரத்தின் நடுப்பகுதியையும் புறங்கையால் அணுகிப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதன் பேரிங்கை அன்றே கழற்ற வேண்டும். ரப்பர் புஷ் உட்கார்வதால் சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்கிவிட்டு, அடுத்து பத்துக் கிலோமீட்டர். தார் ரோட்டில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய், புல்வெளியில் இறக்கி ஓட்டுங்கள்.